அண்ணன் தவறி ஏழு மாதம்: மைனிக்கு எங்கெல்லாம் உதவி கேட்கலாம்?

குற்றாலச்சாரல்
3 செப்டம்பர் 2025, இரவு 10:40

வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டம், ஆலங்குளம் பக்கம். அண்ணன் கொத்தனார். வேலை கேரளாவில், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். போன பிப்ரவரியில் கோட்டயத்தில் சாரத்தில் இருந்து இறங்கித் தண்ணீர் கேட்டவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நெஞ்சுவலி. வயது 44.

வீட்டில் இப்போது மைனி, அம்மா, இரண்டு பிள்ளைகள். மைனி பீடி சுற்றுகிறார், 38 வயது. மூத்தவள் பி.காம். முதல் வருடம், சின்னவன் எட்டாவது. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறேன். எனக்கும் குடும்பம், வாடகை. மாதம் இரண்டாயிரம் அனுப்புகிறேன். போன மாதம் அதுவும் முடியவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சின்னவனுடைய பழைய நோட்டின் பின்பக்கத்தில் மைனி கணக்கு எழுதி வைத்திருந்தார். போட்டோ போட மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

வரவு: பீடிக்கூலி 4,600 (பீடிக்கடையில் நாலு வாரமும் இலை ஒழுங்காகக் கொடுத்தால்). மகளிர் உரிமைத்தொகை 1,000. அம்மாவுக்கு முதியோர் பணம் 1,200. ஆக 6,800.

செலவில் முதல் மூன்று வரி: திங்கள் குழு, வாரம் 640. புதன் குழு, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் 1,150. மாதக் குழு 2,300. கூட்டிப் பார்த்தால் 7,160. பால், கரண்டு, மளிகை எல்லாம் அதற்குக் கீழே. டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால்தான் மகள் காலேஜுக்கே போய் வருகிறாள்.

மூன்று கடனும் அண்ணன் இருக்கும்போது வாங்கியவை. வீட்டுக்குத் தளம் போட ஒன்று, மகள் சடங்குக்கு ஒன்று, அந்த இரண்டையும் கட்டுவதற்கு மூன்றாவது.

மீதிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பாத்துக்கிடலாம்" என்று மட்டும் சொன்னார். கழுத்தில் செயின் இல்லை. காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி.

விதவைப் பென்ஷனுக்கு எப்படி எழுதிப் போடுவது? வேறு என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இசேவை மாரி
4 செப்டம்பர் 2025, காலை 7:15

அண்ணே, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நான் வேறு மாவட்டத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். தினமும் இதே கேள்விதான் கவுண்டரில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பென்ஷன். மைனிக்கு இன்னும் 40 ஆகவில்லை, அதனால் மத்திய அரசு பங்கு தரும் விதவை ஓய்வூதியத்தில் வராது. மாநிலத்தின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்தில் கேட்கலாம். எதில் வந்தாலும் தொகை 1,200தான். ஆனால் ஒன்று: ஒரே ஆளுக்கு ஓய்வூதியமும் உரிமைத்தொகையும் சேர்ந்து கிடையாது. 1,200 வந்தால் 1,000 நின்றுவிடும். நிகரமாகக் கூடுவது 200 ரூபாய்.

அந்த இருநூறுக்கு எத்தனை நடை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, விதவைச் சான்று. ஒரு சான்றுக்கு மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் என்று ஏறி வரும். நடுவில் ஒருவர் "நேரில் வாங்க" என்று போட்டால் ஒருநாள் பீடி போச்சு.

அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. ஆதரவற்ற விதவைச் சான்றை எப்படியும் வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டை அந்தியோதயாவுக்கு மாற்றக் கேட்கலாம், மாதம் 35 கிலோ அரிசி. சத்துணவு வேலைக்கும் அது முன்னுரிமை. சமையல் உதவியாளர் 8,997 பேர் எடுக்கப் போன டிசம்பரில் ஆணை போட்டார்கள், தொடக்கத்தில் தொகுப்பூதியம் 3,000. இந்த முறை விட்டிருந்தால் அடுத்து வரும்போது கையில் சான்று இருக்க வேண்டும்.

அம்மா அதே கார்டில் முதியோர் பணம் வாங்குவதால் மைனியின் ஆயிரம் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2023 ஆகஸ்டிலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள்.


தனிவழி77
4 செப்டம்பர் 2025, காலை 9:02

வருத்தங்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அரிசி இலவசம், பஸ் இலவசம், மாதம் ஆயிரம், அம்மாவுக்கு ஆயிரத்து இருநூறு. இவ்வளவு வாங்கிக்கொண்டும் கஷ்டம் என்றால் பிரச்சினை கடனில் இருக்கிறது. சடங்குக்குக் கடன் வாங்கு என்று எந்த அரசு சொன்னது? நூறு நாள் வேலை வந்ததில் இருந்து எங்கள் ஊரில் களை எடுக்க ஆள் கிடையாது. வரி கட்டுகிறவன் எத்தனை பேரைத்தான் சுமப்பான்?


செவ்வந்தி
4 செப்டம்பர் 2025, பகல் 1:30

தனிவழி அவர்களே, தீப்பெட்டி வாங்கினாலும் வரிதான். அந்த மைனியும் கட்டுகிறார், நீங்களும் கட்டுகிறீர்கள்.

நான் மகளிர் சுய உதவிக்குழுவில் 14 வருடமாக இருக்கிறேன், ஊக்குநராகவும் இருந்திருக்கிறேன். ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று கேட்டால் என் குழுவில் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்வேன். ஒருத்திக்குச் சர்க்கரை மாத்திரை. ஒருத்திக்குப் பேத்தி வேன் பீஸ். இன்னொருத்தி அதை எடுப்பதே இல்லை, மகன் கேட்பானே என்று கார்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள். 2023 செப்டம்பரில் முதல் ஆயிரம் வந்தபோது கூத்து நடந்தது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கிகள் வந்த அன்றே பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதுவரை எங்கள் பெண்கள் "ஸ்டாலின் 150தான் போட்டிருக்கார்" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நூறு நாள் வேலைக்கு இந்த வருடக் கூலி 336. எங்கள் ஊரில் களை எடுக்க அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். பிறகு எப்படி ஆள் வரும்? அந்த 336-ம் கையில் சுலபமாக வந்துவிடாது. போன குளிர்காலத்தில் மாதக்கணக்காகக் கூலி நின்று கிடந்தது நினைவிருக்கும். பொங்கலுக்கு எங்கள் குழுவில் அரைப்பேர் உள்கடன் கேட்டார்கள்.

சாரல் தம்பி, மைனி இருப்பது "குழு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்களைப் போன்ற சுய உதவிக்குழு இல்லை. கம்பெனிக்காரர்கள் கடன் கொடுப்பதற்காகச் சேர்க்கிற குழு. ஊரில் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள். எங்கள் குழுவில் சேமிப்பு உண்டு, வங்கிக்கடன் உண்டு, கட்ட முடியாத மாதம் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம். கம்பெனிக் குழுவில் பேச்சே கிடையாது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவள் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.


பழைய ஜமாபந்தி
4 செப்டம்பர் 2025, மாலை 6:48

வருவாய்த்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். விவரங்கள் சில.

1962-ல் இந்த மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். இன்று 1,200. இதில் 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசு தருவது 200, விதவைக்கு 300. பல்லாண்டுகளாக அந்தத் தொகை நகரவே இல்லை, மீதி மாநிலத்தின் பணம். நான் கையெழுத்துப் போட்ட காலத்தில் தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம் என்கிற நிலை. ஆணை போய்ச் சேருவதற்குள் வாங்க வேண்டியவரே போய்ச் சேர்ந்ததும் உண்டு.

தம்பி, பென்ஷனை விட முதலில் செய்ய வேண்டியது வேறு. 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதிக்கிற குடும்பத் தலைவர் இறந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஒருமுறை மட்டும் 20,000 ரூபாய் தரும் தேசியக் குடும்ப நல உதவித் திட்டம் இருக்கிறது. விபத்துதான் என்றில்லை, இயற்கை மரணத்துக்கும் உண்டு. தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். தள்ளிப்போடப் போட, ஏன் இத்தனை நாள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடுத்து, உங்கள் அண்ணன் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தாரா? 1994-ல் இருந்து அந்த வாரியம் உண்டு. வேலை கேரளாவில் என்றாலும், இங்கே பதிவு உயிரோடு இருந்தால் இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு.

பெண் எந்தப் பள்ளியில் படித்தார்?


குற்றாலச்சாரல்
4 செப்டம்பர் 2025, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி.

ஐயா, வாரிய அட்டை இருக்கிறது. அண்ணன் பெட்டியில் எடுத்தேன். 2016-ல் பதிந்தது. 2021-ல் புதுப்பித்திருக்க வேண்டும், கொரோனா சமயம், விட்டுவிட்டான். பின்னால் ஒரு கார்பன் தாளில் புதுப்பிக்கும் விண்ணப்பம் பாதி எழுதியபடி மடித்து வைத்திருந்தது.

மகள் ஆறில் இருந்து பன்னிரண்டு வரை ஊரில் உள்ள உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. காலேஜில் புதுமைப்பெண் கேட்டதற்கு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

தனிவழி சார், சடங்குக் கடன் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அண்ணன் நாளுக்கு 1,100 சம்பாதித்தான், கட்ட முடியும் என்று நினைத்தான். நான்தான் மேளத்துக்கு ஆள் பேசினேன்.


இசேவை மாரி
5 செப்டம்பர் 2025, காலை 6:50

புதுமைப்பெண்ணில் அது பழைய கதை அண்ணே. 2022-ல் ஆரம்பித்தபோது அரசுப் பள்ளி மட்டும். 2024-25-ல் இருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் பக்கம் மிஷன் பள்ளிக்கூடங்கள்தானே அதிகம், நிறையப் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போகிறது. மாதம் 1,000, பாப்பா கணக்கில் நேரடியாக வரும். வருமான வரம்பு கிடையாது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும். காலேஜிலேயே நோடல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் போகச் சொல்லுங்கள். வாசலில் இருக்கிற கிளார்க்கிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பின் உதவித்தொகையும் இருக்கிறது. படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 வரை. மைனியிடம் பீடி அடையாள அட்டை இருக்கிறதா பாருங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். ஆதாரில் இருக்கிற பெயரும் பள்ளிப் பதிவில் இருக்கிற பெயரும் புள்ளி மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். எனக்கு நூற்றுக்கு முப்பது விண்ணப்பம் அந்த இனிஷியலில்தான் திரும்பி வருகிறது.


நெல்லை மணி
5 செப்டம்பர் 2025, காலை 8:12

அன்புக்கரங்கள் என்று மாதம் 2,000 தரப்போவதாகச் செய்தியில் பார்த்தேனே, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு?


பழைய ஜமாபந்தி
5 செப்டம்பர் 2025, காலை 9:30

அது தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு. அல்லது ஒருவர் இறந்து, மற்றவர் உடல், மன நலக் குறைவால் பராமரிக்க இயலாத நிலையில் இருந்தால். தாய் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் வராது.


வசூல் விட்டவன்
5 செப்டம்பர் 2025, இரவு 9:05

இந்த இழையை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் நாலு வருடம் ஒரு கம்பெனியில் வசூலுக்குப் போனவன். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் சென்டர் மீட்டிங், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உறுதிமொழி சொல்வார்கள், நான் பணத்தை எண்ணிப் பையில் போடுவேன். வேலையை விட்டதற்குக் காரணம் இன்னொரு நாள் சொல்கிறேன்.

சாரல் அண்ணே, ஒரு விஷயத்தை யாரும் இதுவரை சொல்லவில்லை. கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுப் பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்போம். பெரும்பாலும் அது மனைவி பெயரில் மட்டும் இல்லை, கணவன் பெயரும் சேர்ந்து இருக்கும். இரண்டு பேரில் யார் இறந்தாலும் மீதிக் கடன் முடிந்துவிடும். இறப்பைத் தெரிவித்து, சான்று கொடுத்தால்தான் உண்டு. தெரிவிக்கவில்லை என்றால் வசூல் பாட்டுக்கு நடக்கும். ஃபீல்டு ஆபீசருக்கு அன்றைய வசூல் தொகை சரியாக இருந்தால் போதும். சாவு வீட்டுக்கு வந்து மாலை போட்டவனே அடுத்த திங்கள்கிழமை வந்து கையை நீட்டுவான். நானே நீட்டியிருக்கிறேன்.

மூன்று லோன் கார்டையும் எடுங்கள். "இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒன்றோ இரண்டோ பெயர் இருக்கும். கணவன் பெயர் இருந்தால் கிளைக்கே நேரில் போங்கள், வீட்டுக்கு வருகிறவனிடம் பேசாதீர்கள். எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பிப்ரவரிக்குப் பிறகு கட்டிய பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.

தனிவழி அண்ணாச்சிக்கு ஒன்று. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி: ஒரு குடும்பம் மாதம் கட்டுகிற எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்றாவது கடன் கொடுத்தவன் அந்தப் பாதியை எப்படிக் கணக்குப் போட்டான்? நான் சொல்கிறேன். படிவத்தில் வருமானம் என்கிற கட்டத்தை நாங்களே நிரப்புவோம், கடனுக்குத் தகுந்த மாதிரி.


தனிவழி77
5 செப்டம்பர் 2025, இரவு 10:11

சரி, அந்தக் கம்பெனி செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பதினைந்து திட்டங்களையும் ஒன்றாக்கி, தகுதி உள்ளவன் கணக்கில் ஒரே தொகையாகப் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் எதற்கு? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விழா, ஒரு படிவம்.


செவ்வந்தி
5 செப்டம்பர் 2025, இரவு 10:40

முதல் தடவையாக நீங்கள் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், எல்லாவற்றையும் பணமாக்கிக் கணக்கில் போட்டால் தவணைக்காரன் கையில்தான் முதலில் போகும். ரேஷன் அரிசியை எந்தக் கம்பெனியும் பிடித்துக்கொண்டு போக முடியாது. பள்ளிக்கூடத்தில் சின்னவன் சாப்பிடுகிற சத்துணவையும்தான்.


கவுண்டர் மூன்று
6 செப்டம்பர் 2025, காலை 11:25

நான் வங்கி ஊழியர். அண்ணனின் பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசி வாரத்தைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா. எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது இன்னொன்று, விபத்துக்கு மட்டும்தான். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஓர் ஆண்டுக் கணக்கு. பிப்ரவரி 2025-ல் இறந்தார் என்றால், 2024 மே மாதப் பிடித்தம்தான் முக்கியம்.

ஜன்தன் கணக்கு திறக்கும்போது நிறையப் பேருக்கு இதில் கையெழுத்து வாங்கியிருப்போம். அவர்களுக்கே நினைவிருக்காது. பாஸ்புக்கில் பதியாமல் விட்டிருந்தால் கிளையில் போய்ப் பதிந்து பாருங்கள்.


குற்றாலச்சாரல்
14 செப்டம்பர் 2025, இரவு 9:50

இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தேன்.

முதலில் நல்ல செய்தி. மாதக் குழுவின் கார்டில் இன்சூரன்ஸ் வரியில் இரண்டு பெயரும் இருந்தது. கிளையில் கொடுத்தோம். முதலில் "எங்களுக்கு இறப்புத் தகவலே வரவில்லை" என்றார்கள். மைனி அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு, "உங்க ஆளு பதினாறாம் நாள் எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போனாரே" என்றார். அதற்குப் பிறகு வாங்கிக்கொண்டார்கள். முத்திரையும் போட்டார்கள். திங்கள் குழு கார்டில் மைனி பெயர் மட்டும். புதன் குழுவில் கார்டே இல்லை, எல்லாம் போனில்தானாம்.

ஒரு சிக்கல். இறப்புச் சான்று அங்கே வாங்கியது. எந்த ஊரில் இறந்தாரோ அங்கேதான் பதிய வேண்டுமாம். வாயால் சொல்லக் கேட்டு எழுதியதில் பெயரில் ஓர் எழுத்து மாறி, இனிஷியல் முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கிறது. வாரிசுச் சான்று விண்ணப்பம் அதைக் காட்டித் திரும்பிவிட்டது. திருத்தத்துக்கு மறுபடியும் அங்கேதான் போக வேண்டும்.

அப்புறம் பாஸ்புக்.

2023 மே 29, பிடித்தம் 436. அடுத்த வருடத்துக்குப் பக்கத்தைத் திருப்பினேன். 2024 மே 22, செல்போன் தவணை திரும்பியதற்கு அபராதம் 295. இருப்பு 211. அதற்குப் பிறகு ஜூன் 6-ல் சம்பளம் போட்டிருக்கிறான். நடுவில் ஒன்றும் இல்லை. 436 பிடிக்கவே இல்லை.

அந்த 295-ஐ எடுக்காமல் இருந்திருந்தால் இருப்பு 506.

இதை மைனியிடம் சொல்லவில்லை. பாஸ்புக்கை நானே கொண்டுவந்துவிட்டேன்.


கவுண்டர் மூன்று
14 செப்டம்பர் 2025, இரவு 10:30

ஜூன் மாதத்தில் மறுபடி பிடிக்க முயன்றார்களா என்று கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் எழுத்தில்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டேன். காப்பீடு ஓடாத ஆண்டுக்கு அவர்கள் தரமாட்டார்கள்.

இந்த வேலையில் 295 பிடிப்பதை நான் தினமும் பார்க்கிறேன். 250 அபராதம், 45 அதற்கு ஜி.எஸ்.டி. கம்ப்யூட்டர் தானாகப் பிடிக்கும். அதற்குப் பின்னால் என்ன அறுந்தது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை.

மைனிக்கு அதே காப்பீட்டைப் போட்டுவிடுங்கள். 18-ல் இருந்து 50 வயது வரை சேரலாம். செப்டம்பரில் இருந்து நவம்பருக்குள் சேர்ந்தால் இந்த ஆண்டுக்கு 342 போதும். முதல் 30 நாளுக்கு விபத்து தவிர மற்ற இறப்புக்குக் கிடையாது. அடுத்த மே மாதக் கடைசி வாரம் கணக்கில் 436 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.


வசூல் விட்டவன்
15 செப்டம்பர் 2025, காலை 6:20

புதன் குழுவுக்கு: போனில் கொடுத்தாலும் ஒப்பந்தம் இருக்கும். காகிதத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்தாலோ போன் போட்டாலோ, அது ரிசர்வ் வங்கி விதிக்கே விரோதம். காலை ஒன்பதுக்கு முன்னாலும் அப்படித்தான். நான் ஏழு மணிக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று மேலே எழுதியதும் நினைவிருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக இந்த ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மிரட்டினால் போலீசுக்குப் போகலாம். போவீர்கள் என்று தெரிந்தாலே பாதி அடங்கும்.


நிர்வாகி
15 செப்டம்பர் 2025, காலை 8:00

தனிமடலில் சிலர் பண உதவி செய்யக் கேட்கிறார்கள். தளத்தின் விதிப்படி இழையில் கணக்கு எண் பகிர அனுமதியில்லை. உரையாடல் தொடரட்டும்.


குற்றாலச்சாரல்
17 அக்டோபர் 2025, இரவு 10:15

தாமதத்துக்கு மன்னிக்கவும், பட்டறையில் தீபாவளி ஆர்டர்.

மாதக் குழு கடன் முடிந்தது என்று கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு கட்டியதில் நாலு தவணையைத் திருப்பித் தந்தார்கள், மீதியை "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்". பாப்பா புதுமைப்பெண்ணுக்குப் பதிந்துவிட்டாள். அந்த நோடல் அலுவலர் நல்ல அம்மா, அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்களாம். பீடி உதவித்தொகை இரண்டு பேருக்கும் போட்டாயிற்று, சின்னவனுக்குப் பெயரில் புள்ளி தகராறு, மாரி சொன்ன அதே கதை.

கோட்டயம் போய்வர 1,900 செலவு. எழுத்து திருத்திய சான்று கைக்கு வந்துவிட்டது. அங்கே இருந்த ஊழியர் பழைய சான்றைப் பார்த்துவிட்டு, அண்ணன் வேலை பார்த்த கட்டடம் எது என்று கேட்டார். சொன்னேன். "அது இப்போது முடிந்துவிட்டது, குடிவந்துவிட்டார்கள்" என்றார்.

வாரிசுச் சான்று இன்னும் வரவில்லை. அது வந்ததும் அந்த 20,000-க்கு விண்ணப்பம். வாரிய அட்டையைப் புதுப்பிக்காததால் அங்கே எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதவைப் பென்ஷனை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். மைனி கேட்ட கேள்வி: "இருநூறுக்காக இருக்கிற ஆயிரத்தை எதுக்கு ஆட்டிப் பாக்கணும்?" சான்று மட்டும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்.

காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, எனக்கு எதற்கு என்றார். இது பிள்ளைகளுக்கு என்றேன். நாமினி இடத்தில் பாப்பா பெயரைத் தானே எழுதினார், மெதுவாக, தமிழில். 342 ரூபாயை நான் கொடுக்க வந்ததை வாங்கவில்லை. சுளவுக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். வாரிசுச் சான்றுக்கு ஆய்வாளர் வீட்டுக்கு வருவாரா, நாங்கள் போக வேண்டுமா?


பழைய ஜமாபந்தி
18 அக்டோபர் 2025, காலை 7:05

விசாரணைக்கு அவர் வரலாம், உங்களையும் அழைக்கலாம். பக்கத்து வீட்டார் இருவரைச் சொல்லி வையுங்கள். மைனியை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள், பீடி சுற்றிக்கொண்டே பதில் சொல்லலாம், தவறில்லை. வரும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லி விண்ணப்ப எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.


இசேவை மாரி
18 அக்டோபர் 2025, காலை 7:40

எல்லா ஒப்புகைச் சீட்டையும் இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள் அண்ணே. அந்தத் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பாப்பா போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.